அந்தத் தென்னந்தோப்புதான் அரிக்கமேடு

"அரிக்கமேடு எங்கே தம்பி?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் படகுப் பையன் மோவாயால் வலப்பக்கம் காட்டினான். "அதோ, அந்தத் தென்னந்தோப்புதான்க்கா."

என் மகன் எட்டிப் பார்த்தான். தென்னை, நடுநடுவே மாமரம், கரையோரம் சேறு, சேற்றில் ஒரு கொக்கு. "அங்க ஒண்ணுமே இல்லையேம்மா" என்றான். படகில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்ததால் அதை இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பாண்டிச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் ரோமாபுரிப் பக்கத்தோடு வியாபாரம் நடந்த பழைய ஊர்தான் அரிக்கமேடு.

நாங்கள் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். பாண்டிச்சேரி எங்களுக்கு வெளியூரே கிடையாது. துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று மாதம் இரண்டு முறையாவது பஸ் ஏறிவிடுவோம். அதனாலேயே அந்த ஊரை நாங்கள் சுற்றிப் பார்த்ததில்லை. போன நவம்பரில் கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். "அண்ணி, சாயங்காலம் படகுல போய்ட்டே ஊரைப் பார்க்கலாமாமே" என்று அவள்தான் ஆரம்பித்தாள். கூட என் மாமியார். எழுபது வயது, முழங்கால் வலி, ஆனால் எங்கே கூப்பிட்டாலும் முதல் ஆளாகச் செருப்பைப் போட்டுக்கொள்வார்.

கடலூர்க்காரர்களுக்குச் சொந்தமாகவே ஓர் ஆறும் அதன் முகத்துவாரத்தில் ஒரு பழைய கோட்டையும் இருப்பதை நாத்தனாரிடம் சொல்லிப் பார்த்தேன். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் ஆங்கிலேயர்கள் மராட்டியர்களிடமிருந்து அதை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையை இடித்துவிட்டார். இவ்வளவு கதை இருந்தும் கெடிலத்தில் ஊர் பார்க்க ஒரு படகு கிடையாது. சரி, பாண்டிக்கே போவோம் என்று கிளம்பினோம்.

அந்த முதல் சவாரியில் சரியாக நடந்தது எதுவும் இல்லை. பாதித் தப்பு எங்களுடையது. நவம்பர் கடைசியில் இந்தப் பக்கம் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும். ஜூனில் ஆறரையைத் தாண்டும். அந்த முக்கால் மணி நேரத்துக்கும் மேலான வித்தியாசத்தை யோசிக்காமல், 'சாயங்காலம்தானே' என்று மதியம் நிதானமாகச் சாப்பிட்டு, சன்டே மார்க்கெட் போகாத குறைக்குக் காந்தி வீதியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்து மணிக்குப் படகுத்துறையில் போய் நின்றோம். வரிசை நின்று ஏறும்போது ஐந்து இருபத்தைந்து. நம் பக்கத்தில் அந்தி நீளாது. சூரியன் போன இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கரை எது, தண்ணீர் எது என்று தெரியாமல் போய்விடும்.

மீதித் தப்பு படகு விட்டவர்களுடையது. நான் எண்ணிப் பார்த்தேன்: பத்தொன்பது பேர், பதினோரு லைஃப் ஜாக்கெட். அதில் இரண்டுக்குக் கொக்கி இல்லை. கேட்டதற்கு, "இடுப்பளவு தண்ணிதான்க்கா, விழுந்தாலும் எழுந்து நிக்கலாம்" என்றார் ஒருவர். இடுப்பளவு தண்ணீருக்குக் கீழே முழங்கால் அளவு சேறு இருப்பதை அவர் சொல்லவில்லை. அப்போதே இறங்கியிருக்க வேண்டும். 2023 மே 7ஆம் தேதி கேரளத்தில் தானூரில் 22 பேரைப் பறிகொடுத்த சவாரியும் சாயங்கால உல்லாசப் படகுதான். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு, இருட்டும் நேரத்தில் போன படகு அது. இதெல்லாம் செய்தியில் படித்தவள்தான் நான். ஆனாலும் விருந்தாளிகளை வைத்துக்கொண்டு, டிக்கெட் வாங்கிவிட்டு, வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முறைக்கும்போது இறங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. குழந்தைகளுக்கும் மாமியாருக்கும் ஜாக்கெட் மாட்டிவிட்டு நான் வெறுமனே உட்கார்ந்தேன். மாமியாருக்குக் கிடைத்தது கொக்கி இல்லாத ஜாக்கெட். சவாரி முழுக்க அவர் ஒரு கையால் அதன் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பலகையைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் படகு தரை தட்டியது. "முன்னாடி இருக்கறவங்க எல்லாம் பின்னாடி வாங்க" என்று கத்தினார்கள். பத்தொன்பது பேரும் எழுந்தோம், படகு சாய்ந்தது, நாத்தனார் மகள் அழ ஆரம்பித்தாள். பையன் நீளக் கழியை ஊன்றித் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவருவதற்குள் சூரியன் போய்விட்டது. போனது என்றுகூடச் சொல்ல முடியாது. மேற்கே முழுக்க மேகம். ஒரு மணி நேரச் சவாரி என்று வாங்கிய காசுக்கு நாற்பது நிமிடத்தில் கரையேற்றிவிட்டார்கள்.

மேகத்துக்கு யாரைக் குறை சொல்ல? இதே ஊரில் மேகத்தால் என்னைவிட மோசமாக ஏமாந்த ஒருவர் இருக்கிறார். லெ ழான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761இல் வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள். கரையிறங்க முடியாமல், ஆடும் கப்பலில் இருந்தபடி பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. அடுத்த முறை 1769 ஜூனில்தான் என்பதால் ஊர் திரும்பாமல் எட்டு வருடம் இந்தப் பக்கக் கடல்களிலேயே காத்திருந்தார். அந்த நாள் காலையில் மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்ததும் வெயில் பளிச்சென்று அடித்ததாம். அந்த மனிதர்தான் இந்த ஆற்றங்கரையில் பழைய செங்கல் கட்டுமானங்கள் தெரிவதையும் எழுதிவைத்துவிட்டுப் போனவர். அது எவ்வளவு பழைய ஊர் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 'ஒண்ணுமே இல்லையே' என்று மகன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லாததுதான், கொக்கி இல்லாத ஜாக்கெட்டுக்கு அடுத்தபடியாக என்னை அதிகம் உறுத்தியது. இன்னொரு முறை போக வேண்டும், ஒழுங்காகப் போக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

நடுவில் ஜனவரி கடைசியில் நானும் கணவரும் மகனும் மட்டும் கடல் பக்கம் ஒரு சவாரி போய்ப் பார்த்தோம். தேங்காய்த்திட்டிலிருந்து கிளம்பி, முகத்துவாரத்தைத் தாண்டி, வடக்கே கடற்கரைச் சாலைக்கு எதிரே போய்த் திரும்புவது. ஊரை முழுசாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் சூரியன் ஊருக்குப் பின்னால்தான் இறங்கும். கடலுக்குள் இருந்து பார்த்தால் 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கமும், காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கல்தூண்களும் கறுப்பாகத் தெரிய, பின்னால் வானம் சிவந்து கிடக்கும். கரையில் நின்று எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் காட்சி கிடைக்காது. பதினெட்டாம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தில் இந்த ஊருக்கு வந்தவர்களெல்லாம் முதலில் பார்த்தது இந்தப் பக்கத்தைத்தானே. அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் சலங்கு என்ற படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். அந்த அலை எப்படிப்பட்டது என்பது முகத்துவாரத்தைத் தாண்டும்போது எனக்கும் புரிந்தது. ஆறும் கடலும் முட்டும் இடத்தில் படகு மூன்று முறை தூக்கிப் போட்டது. வாடைக்காற்று இன்னும் ஓயாத மாதம். மதியம் சாப்பிட்ட பிரியாணியை நினைத்து வருந்தினேன். மாமியாரைக் கூட்டி வராதது நல்லதாகப் போயிற்று. முட்டிவலிக்காரர்களுக்கும் வாந்தி வருகிறவர்களுக்கும் ஆறே போதும்.

ஆற்றுக்கு இந்த முறை பெரிய படகு வேண்டாம் என்று, தெரிந்தவர் மூலமாக வீராம்பட்டினத்துக்காரர் ஒருவரைப் பிடித்தோம். ஃபைபர் படகு, எட்டுப் பேர் உட்காரலாம், நாங்கள் நான்கு பேர். போனில் முதல் கேள்வியாக ஜாக்கெட் எத்தனை, கொக்கி இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். "எல்லாம் புதுசுதான்க்கா, போட்டோ அனுப்பவா?" என்றார். அனுப்பவும் செய்தார். அடுத்து நான் தேதி சொன்னதும், "அந்தச் சனிக்கிழமை வேணாம். சாயங்காலம் தண்ணி எறங்கிப் போய்டும். அதுக்கு அடுத்த சனி வாங்க, ஏத்தத்துல போலாம்" என்றார்.

நவம்பரில் தரை தட்டிய ரகசியம் அப்போதுதான் விளங்கியது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆறு கடல் சொன்னபடிதான் ஏறும், இறங்கும். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். ஒரு வாரத்தில் அது ஆறு மணி நேரமாகிவிடும். அதாவது இந்தச் சனிக்கிழமை மாலை ஐந்துக்குத் தண்ணீர் நிறைந்திருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே ஐந்துக்கு வற்றியிருக்கும். மீனவருக்கு இது பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும். டிக்கெட் விற்கிறவருக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டார், வார இறுதி வியாபாரம் போய்விடும். அலையாத்திக் கால்வாய்க்குள் நுழைய ஆசை இருந்தால் மணி என்ன என்று கேட்பதைவிடத் தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்பதே முக்கியம்.

பிப்ரவரி. காலையிலேயே போய் முதலில் பாரதி பூங்காவை ஒட்டியிருக்கும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். திங்கட்கிழமை மூடியிருக்கும், பார்த்துப் போங்கள். அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தவற்றில் பல கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. கூர்முனை வைத்த ஜாடிகளின் துண்டுகள், உள்ளே வட்டவட்டமாகப் புள்ளிக்கோடு போட்ட தட்டுகள். அந்த ஜாடிக்குப் பெயர் ஆம்போரா, ரோமாபுரிப் பக்கமிருந்து மதுவும் ஆலிவ் எண்ணெயும் ஒருவகை மீன் சாறும் அதில்தான் வந்தன என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மாமியார், "கடற்கரைக்காரனுக்கே மீன் சாறு கொண்டாந்து வித்தானா? கெட்டிக்காரன்தான்" என்றார்.

பக்கத்துப் பெட்டியில் மணிகள். கடுகளவு, மிளகளவுக் கண்ணாடி மணிகள், சூதுபவளம், பளிங்கு. மாமியார் அங்கே நின்றவர் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது நாங்க கோத்துப் போட்டுக்கிட்டதுடி" என்றார்.

அவர் பிறந்தது அரியாங்குப்பம். அது எனக்குத் தெரியும். கல்யாணமாகிக் கடலூர் வந்தவர். ஆனால் மழை விட்ட மறுநாள் பசங்களோடு அரிக்கமேட்டை ஒட்டிய காக்காயந்தோப்புப் பக்கம் ஓடி, மண்ணில் மின்னுகிற பாசிமணியைப் பொறுக்கி நூலில் கோத்து விளையாடியதை இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. "நவம்பர்ல வந்தப்ப ஏன் அத்தை சொல்லல?" என்றேன். "நான் எங்கடி கண்ணத் தொறந்தேன், அந்த ஜாக்கெட்டைப் புடிச்சிக்கவே சரியா இருந்துச்சி" என்றார்.

மூன்று மணிக்கு முதலில் தரை வழியாக அரிக்கமேட்டுக்குப் போனோம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கோட்டை, கோபுரம் எதுவும் கிடையாது. தோப்புக்குள் நிற்கும் செங்கல் சுவர்களின் முன்னால் ரோமர் கட்டடம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் இருந்த மிஷன் வீடு. ரோமர் தொடர்புக்கான சான்றெல்லாம் காலுக்குக் கீழே இருந்தது, தோண்டியவர்கள் எடுத்துக்கொண்டு மறுபடி மூடிவிட்டார்கள். 1930களில் ழூவோ துப்ரேய் என்ற பேராசிரியர் இங்கே கிடைத்த ஒரு கல்லில் செதுக்கிய தலை அகஸ்டஸ் சீசருடையது என்றார். சென்னை அருங்காட்சியகத்து அலமாரியில் ஓர் ஆம்போராத் துண்டைப் பார்த்துவிட்டுத் தேடி வந்த மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1945இல் தோண்டினார். ஆற்றோரம் சரக்குக் கிடங்கு, தள்ளித் தெற்கே சாயத்தொட்டி என்று அவர் அடையாளம் சொன்னார். பிறகு பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற ஆய்வாளரும் தோண்டியபோது, ரோமர் கப்பல் வருவதற்கு முன்னாலேயே இங்கே ஊர் இருந்தது என்று தெரிந்தது. ரோமர் வந்து ஊரை உண்டாக்கவில்லை, இருந்த ஊருக்கு வியாபாரத்துக்கு வந்தார்கள். எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

மகன் குனிந்து ஒரு ஓட்டுத்துண்டை எடுத்தான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், எதையும் எடுத்துப் போகக் கூடாது. வைக்கச் சொன்னேன். 'ஆயா மட்டும் எடுத்தாங்களே' என்று முறைத்தான். ஆயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நாலரைக்குப் படகு. முருங்கப்பாக்கம் பாலத்துப் பக்கம் ஏறிக் கிழக்கே போனோம். மாமியாரை ஏற்றும்போது படகுக்காரர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. கையைப் பிடித்து இழுக்காமல், தான் தண்ணீரில் இறங்கி நின்று, "ஆயா, என் தோள்ல கை வைங்க, மொதல்ல உட்காருங்க, அப்புறம் காலை உள்ள எடுத்துக்கலாம்" என்றார். முட்டிவலி இருக்கிறவர்களை ஏற்ற இதுதான் வழி. நின்றபடி கால் எடுத்து வைக்கச் சொன்னால் படகு ஆடும், ஆள் விழும். நடுப்பலகையில் உட்கார வைத்தார். போகும்போது வெயில் முதுகில், திரும்பும்போது நேரே முகத்தில். படம் எடுக்கிறவர்கள் போகும்போதே எடுத்துவிட வேண்டும், திரும்பும்போது கண்கூசும் ஆரஞ்சுதான் விழும்.

அரிக்கமேட்டுக் கரைக்கு நேராக வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். எனக்குத் தெரிந்த யோசனைகளிலேயே காசு செலவில்லாதது இது. பெரிய படகில் கேட்கவே முடியாது. எஞ்சின் நின்றதும் தண்ணீர் படகின் பக்கத்தில் தட்டுகிற சத்தம், தோப்புக்குள் ஏதோ பறவை. கரை அரித்த ஓரிடத்தில் வேர்களுக்கு நடுவே செங்கல் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. மிஷன் வீட்டுச் செங்கலாகவும் இருக்கலாம், அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம். ஒன்றின் மேல் நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. மகன் இந்த முறை 'ஒண்ணுமில்லை' என்று சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் கப்பல் சரக்கை இறக்கியிருப்பார்களா, ஆழம் போதுமா என்று படகுக்காரரைக் கேட்டுத் துளைத்தான்.

அந்தி சாயச் சாயக் கொசு வந்தது. அலையாத்திக் கொசு சாதாரணக் கொசு இல்லை. முழுக்கைச் சட்டை போடுங்கள், களிம்பைக் கரையிலேயே தடவிக்கொள்ளுங்கள். போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. ஏறுவதற்கு முன்னால் குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள், ஆற்றில் அதற்கு வழி இல்லை. பேசிய 1,500 ரூபாயில் பாதியை முன்னால் கொடுத்தோம், மீதி கரையேறிய பிறகு.

"நீங்க அரியாங்குப்பமா ஆயா? எந்தத் தெரு?" என்று படகுக்காரர் ஆரம்பித்தார். மாமியார் தெருவைச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னார். அவர் தன் தாத்தா பெயரைச் சொன்னார். வீராம்பட்டினத்து ஆடித் தேருக்கு யார் வீட்டில் தங்குவார்கள், தேர் வடத்தை முதலில் துரை பிடித்தது, பிறகு கவர்னர் பிடித்தது, அந்த வருடம் மழையில் தேர் நின்றது என்று இரண்டு பேரும் எங்களை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மேற்கே பாலத்துக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கியிருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் படகு தானாகவே பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எஞ்சினைப் போட அவருக்கு நினைவில்லை. போடச் சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை.